கரி குடித்த மருந்து

வேலை செய்யும் இடத்தில் சொல்லும் பொய்களில் மிக ஆபத்தானது பாதி உண்மையான பொய். முழுப்பொய்யை யாராவது ஒருவர் இரண்டு நாளில் பிடித்துவிடுவார். பாதி உண்மையை எல்லோரும் நம்புவார்கள். கொஞ்ச நாள் போனால் சொன்னவனே நம்பத் தொடங்கிவிடுவான். நான் தொடங்கினேன்.

"அன்ரன், மீனைப் பற்றி உனக்குத் தெரியுமோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். நாங்கள் முல்லைத்தீவு ஆக்கள். மீனோடதான் பிறந்து வளந்தனாங்கள்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்த அந்த மீன்கள் எல்லாம் வள்ளத்தின் அடியிலோ, பெட்டியில் ஐஸுக்குள்ளோ, அம்மாவின் சட்டியிலோ கிடந்தவை. உயிரோடு நீந்துகிற ஒரு மீனை இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நான் பார்த்ததே கிடையாது. (கடலில் நின்றால் மீனைப் பார்க்க முடியாது. வலையைத்தான் பார்க்கலாம். இதைக் கடற்கரைக்காரர் யாரும் வெளியில் சொல்வதில்லை.)

தொண்ணூறுகளின் கடைசி அது. முல்லைத்தீவிலிருந்து கிளம்பி, நின்று நின்று இடம்பெயர்ந்து, கடைசியில் வவுனியாவில் குருமன்காட்டில் பாதி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். ஐயா, அம்மா, இரண்டு தங்கச்சிமார், நான். கடலே இல்லாத ஊரில் ஐயாவுக்குத் தொழில் இல்லை. ஒரு அரிசி ஆலையில் கிழிந்த சாக்குகளைத் தைத்தார். வலை பொத்துகிற ஊசியாலேயே தைத்தார். அந்த ஆலையின் சாக்குகள் எல்லாம் வலைமுடிச்சுப் போட்டவையாக இருந்தன.

எங்களைப்போல வந்தவர்கள் நகரத்தில் தங்குவதற்குப் பாஸ் வேண்டும். அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதற்கு நகரத்தில் இருக்க ஒரு காரணம் காட்ட வேண்டும். எங்கள் ஐந்து பேருடைய காரணமும் நான்தான். ஹொரவப்பொத்தானை வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் ஒரு பெண் டொக்டரின் கிளினிக்கில் நான் நம்பர் கூப்பிட்டேன். "இவர் என்னிடம் வேலை செய்கிறார்" என்று டொக்டர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைப்பார். அந்தக் கடிதத்தின் பலத்தில் ஐந்து பேரும் வவுனியாவில் நித்திரை கொள்வோம்.

டொக்டர் நல்ல மனுசி. ஆனால் அவருடைய கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழத் தொடங்குவார்கள். ஒன்று அழுதால் இருபதும் அழும். நான் பதினெட்டு என்று கத்தினால் அது யாருக்கும் கேட்காது. பதினெட்டுக்குப் பதிலாக முப்பத்தொன்று எழும்பிப் போகும். இதற்கு மருந்தாகத்தான் டொக்டர் ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது ஒரு மீன்தொட்டியைக் கொண்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது ஒரு வான் வண்டியில் வந்து இறங்கியது. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, காற்றுப் பம்ப், தண்ணீரை வடிகட்டுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்னப் போத்தலில் நீல மருந்து, இங்கிலிஷில் ஒரு சின்னப் புத்தகம், காற்று நிரப்பிய பொலித்தீன் பைகளில் பன்னிரண்டு மீன். ஆரஞ்சு நிறத்தில் சில, கறுப்பில் சில. சட்டைக் கைபோல நீண்ட செட்டையோடு வெள்ளியில் இரண்டு.

"சோதனைச் சாவடியில அரை மணித்தியாலம் மறிச்சிட்டாங்கள்" என்றார் டொக்டர். "மீனை ஒண்டும் செய்யேல்லை. பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரிச்சாங்கள். வடிகட்டிக்குப் போடுற கரிப் பைக்கற்றைக் கண்டவுடனதான் முகம் மாறினது. கறுப்புத் தூள் எல்லே. எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை, எடுத்து வைச்சிட்டாங்கள்."

புத்தகத்தைப் புரட்டினேன். வடிகட்டிப் பெட்டிக்குள் கீழே பஞ்சு, நடுவே கரி, மேலே பஞ்சு என்று படம் போட்டிருந்தது. கரி இல்லாவிட்டால் தண்ணீரின் நிறமும் மணமும் போகாதாம்.

"கரிதானே டொக்டர்? நான் கொண்டு வாறன்."

அது சாதாரணக் கரி இல்லை என்று டொக்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் அதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

வீட்டில் அம்மா ஸ்திரிக்கைப் பெட்டிக்கு வைத்திருந்த சிரட்டைக்கரி ஒரு பை நிறைய இருந்தது. அதை அம்மியில் வைத்துக் குத்தி நொறுக்கினேன். அம்மா மாதா கோயிலில் பூசை முடிந்து இன்னும் வரவில்லை. (அன்று மத்தியானச் சம்பல் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஐயா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னப்பா, கணவாய் மையோ?" என்று ஆசையாகக் கேட்டார்.)

கிளினிக்குக்குத் திரும்பி, பெட்டியில் கரியை அமுக்கி நிரப்பி, தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, பம்பைப் போட்டேன். டொக்டர், வான் சாரதி, மருந்து கலந்து கொடுக்கும் நசீர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்), நான், நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தோம். முதலில் குமிழி வந்தது. பிறகு ஒரு கறுப்புப் புகை வந்தது. ஒரு நிமிடத்தில் தொட்டி முழுவதும் இருண்டு, எதிர்ப்பக்கம் நின்ற வான் சாரதி மறைந்துபோனார்.

நல்லவேளை, மீன்கள் இன்னும் பைக்குள்ளேதான் இருந்தன.

"தம்பி, கரியைக் கழுவினீங்களா?" என்று நசீர் நானா அமைதியாகக் கேட்டார்.

"கரியைக் கழுவுறதோ நானா?"

கரி பட்டால் கையைக் கழுவுவோம், சட்டையைக் கழுவுவோம். கரியையே கழுவுவதென்றால் எப்போது வெள்ளையாகும் என்று கணக்கு? நான் சிரித்தேன். நானா சிரிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். ஒன்பது தண்ணீரில் கழுவிய பிறகுதான் கரி கறுப்பு விடுவதை நிறுத்தியது. பின்னேரம் தொட்டித் தண்ணீர் துலங்கி, மீன்கள் உள்ளே போயின.

திங்கட்கிழமை கிளினிக்கில் யாரும் அழவில்லை. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்கள். "பதினெட்டு!" என்று நான் கூப்பிட, பதினெட்டே எழும்பி வந்தது. டொக்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரன் அன்ரன்" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் தானாகவே ஓடியது.

அம்மாவிடம் மீன்களின் பெயர்களைச் சொன்னேன். "அந்த ரெண்டு வெள்ளி மீனுக்கும் ஏஞ்சல் எண்டு பேர் அம்மா."

"ஏஞ்சல் எண்டா?"

"சம்மனசு."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "கவனமாப் பார். சம்மனசு எண்டு பேர் வைச்ச சாமான்."

ஐயாவுக்கு மட்டும் இது பிடிபடவில்லை. "பிடிக்கிறதும் இல்லை, விக்கிறதும் இல்லை, தின்னுறதும் இல்லை. பிறகென்னத்துக்கு அது?"

"பாக்கிறதுக்கு ஐயா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

அடுத்த வாரம் சம்மனசு இரண்டிலும் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் கண்டன. நான் புத்தகத்தை எடுத்தேன். புதுத் தொட்டிகளில் இப்படி வருமாம். அதற்குத்தான் நீல மருந்து. அந்தப் போத்தலின் லேபலில் எறும்பைவிடச் சின்ன எழுத்தில் ஆறு வரி இங்கிலிஷ். "ஒரு நாளைக்கு இத்தனை துளி" என்பது விளங்கியது. அதற்குக் கீழே ஒரு வரியில் கரி என்ற சொல்லும் அகற்று என்ற சொல்லும் இருந்தன. எது எதை அகற்றுவது என்பதில் கொஞ்சம் சந்தேகம். இந்த மருந்து கரியையும் அகற்றிவிடும், தண்ணீரில் மிச்சமிருக்கும் கரித்தூளைக்கூடத் துப்புரவாக்கும் நல்ல மருந்து என்று முடிவெடுத்தேன். டொக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆங்கிலம் நன்றாக வாசிப்பேன் என்று வேலைக்குச் சேரும்போது அவரிடம் சொல்லியிருந்தேன். (அது இரண்டாவது பாதி உண்மை. வாசிப்பேன். விளங்காது.)

அளவாகத் துளி விட்டேன். தண்ணீர் அழகான வெளிர்நீலமானது. அடுத்த நாள் காலை வந்து பார்த்தால் கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக நின்றது. சம்மனசில் புள்ளி அப்படியே இருந்தது. திரும்பவும் துளி விட்டேன், ஒன்று கூட்டி. அடுத்த நாளும் தெளிவு. மூன்றாம் நாள் இரட்டிப்பாக விட்டேன். நாலாம் நாள் காலையும் நீலம் போய்விட்டிருந்தது.

இப்போது யோசித்தால் அந்த நேரத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்று எனக்கே பயமாக இருக்கிறது. நீலம் தானாகப் போகாது. அப்படியென்றால் யாரோ தண்ணீரை மாற்றுகிறார்கள். கிளினிக்கைக் காலையில் திறப்பது யார்? சுபஹுத் தொழுகை முடித்து நேராக வருகிற நசீர் நானா. அவருக்குத்தான் என் தொட்டியில் பொறாமை. கரி கழுவிய நாளிலிருந்தே.

பென்சிலால் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன். மூடியின் மேல் ஒரு நூலை வைத்தேன். காலையில் நூல் நூலாகவே கிடந்தது, தண்ணீர் கோட்டிலேயே நின்றது, நீலம் மட்டும் இல்லை. வேறு யாராவதாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நான், நானா மிகவும் கெட்டிக்காரர் என்று முடிவுசெய்தேன்.

புதன்கிழமை கேட்டேவிட்டேன்.

"நானா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள்தானே இந்தத் தண்ணியை மாத்துறனீங்கள்?"

நானா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், ஊர் தண்ணீரூற்று. அவருடைய வாப்பாவின் கடையில் ஐயா நைலோன் நூல் வாங்கியிருக்கிறார். தொண்ணூறில் அங்கேயிருந்த முஸ்லிம் ஆட்களை எல்லாம் இயக்கக்காரர் போகச் சொன்னபோது நானாவும் கிளம்பி, கடைசியில் செட்டிகுளத்தில் மனைவியின் உறவுக்காரர்களோடு வந்து ஒதுங்கியவர். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"என்ன தம்பி சொல்றீங்க?"

"மருந்து ஒவ்வொரு நாளும் காணாமல் போகுது. காலமை இஞ்ச நீங்கள் மட்டும்தான்."

அவர் மாத்திரைகளை உறைக்குள் போட்டு மடித்து வைத்தார். "தம்பி, நாங்க ஊரை விட்டு வரக்குள்ள வீட்டுச் சாவியையும் குடுத்திட்டுத்தான் வந்த. இனி உங்கட தண்ணியை எடுத்து நான் என்ன செய்யப்போறன்?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. கோபமாக இருந்ததாகவும் தெரியவில்லை. மருந்துத் துண்டை வாங்குவார், மருந்தைத் தருவார், அவ்வளவுதான். எனக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல இருந்தது.

வியாழக்கிழமையோடு நீல மருந்து முடிந்துபோனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளினிக் பூட்டி, நானா ஜும்மாவுக்குப் போய்விட்டார். டொக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். புள்ளி இப்போது ஆரஞ்சு மீன்களிலும் கண்டிருந்தது. நான் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து யோசித்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

மருந்து அலுமாரியில் பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்து இருந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் எவ்வளவு தூரம்? பக்கத்துப் பக்கத்து நிறங்கள். பச்சைப்பிள்ளையின் வாய்க்குள் போகலாம் என்றால் மீனுக்கு என்ன செய்யும்? அலுமாரிச் சாவியை நானா மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போவார். அன்றும் அங்கேதான் இருந்தது. நான் அவரைக் கள்ளன் என்று சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் சாவியை இடம் மாற்றவில்லை. அதைக் கவனிக்கிற அறிவு அப்போது எனக்கு இருக்கவில்லை.

துளியாக விட்டால் களவு போகிறது. ஆகவே களவு போகப் போக மிஞ்சுகிற அளவுக்கு விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, போத்தலைச் சரித்தேன். மூடி இறுக்கமாக இருந்து, பிறகு ஒரேயடியாகத் திறந்தது. பாதி தொட்டிக்குள் போனது. மிச்சத்தில் ஒரு பங்கு என் இரண்டு கைகளிலும் முழங்கை வரை, ஒரு பங்கு சட்டையில்.

தொட்டி திருப்பலியில் வைக்கிற திராட்சை ரசம்போல ஆனது. எனக்குக் கொஞ்சம் திடுக்கென்றது. ஆனாலும் பயப்படவில்லை. இதுவரை எல்லா மருந்தும் காலையில் போய்விட்டதுதானே, இதுவும் போகும். கைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். சவர்க்காரம் ஊதாவானது.

நாலு மணிக்குக் கிளினிக் திறந்தது. அன்றைக்கென்று காய்ச்சல்காரர் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் என் ஐயாவும் வந்து ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டு, கையில் ஒரு காகிதக் கோவையோடு. திங்கட்கிழமை பாஸ் புதுப்பிக்க வேண்டும். டொக்டரின் கடிதத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நம்பர் கூப்பிட்டேன்.

ஐயா தொட்டியை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். எழும்பிப் போய்க் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். அந்த ஊதாவுக்குள் மீன் ஒன்றும் தெரியவில்லை. மேலே மட்டும் பன்னிரண்டு சின்ன வாய்கள் தண்ணீருக்கு வெளியே வந்து வந்து போயின.

"தம்பி, இதுகள் மூச்சுக்குத் தவிக்குதுகள்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை, "மீன் எங்கே?" என்று கேட்டு அழத் தொடங்கியது. ஒன்று அழ, இருபதும் அழுதது. டொக்டர் வெளியே வந்தார். காதில் குழாய் தொங்க, தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"இதுக்குள்ள என்ன விட்டது?"

டொக்டரின் கண் என் பக்கம் திரும்பியது.

"அன்ரன்?"

"தெரியாது டொக்டர்."

வாய் தானாகச் சொல்லியது. இது பாதி உண்மைகூட இல்லை. முழுப்பொய். டொக்டர் தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தார். அது என்ன மருந்து என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நானாவிடம் திரும்பினார்.

"நசீர், அலுமாரிச் சாவி ஆரிட்ட?"

"என்னட்டத்தான் டொக்டர்" என்றார் நானா. அவ்வளவுதான் சொன்னார். லாச்சியைப் பற்றிச் சொல்லவில்லை. ஜும்மாவுக்குப் போனதைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

நான் பேசாமல் நின்றேன். பத்து விநாடி இருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த மடத்தனங்களைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அந்தப் பத்து விநாடிக்கு வந்தால் இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. கடிதம், பாஸ், தங்கச்சிமாரின் பள்ளிக்கூடம் என்று காரணங்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றன. பதினெட்டு கூப்பிட்டால் பதினெட்டே வந்தது.

அப்போது என் பின்னால் ஒரு குரல் கேட்டது. நாலு வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை. இரண்டு நாளுக்கு முன் வாய்ப்புண்ணுக்கு மருந்து பூசி, உதடெல்லாம் ஊதாவாக இருந்தது. என் முதுகுப் பக்கம் நின்றபடியால் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் என் கைகள் தெரிந்தன.

"அம்மா, இஞ்ச பாருங்கோ! அண்ணாக்கு வாய்ப்புண் கையில வந்திட்டுது!"

அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நான் கைகளை முன்னால் கொண்டு வந்தேன். முழங்கை வரைக்கும்.

"நான்தான் டொக்டர். நானா ஜும்மாவுக்குப் போன நேரம் சாவி எடுத்து நான்தான் விட்டனான். நானாவுக்கு ஒண்டும் தெரியாது. அவர் தண்ணியும் மாத்தேல்லை."

"தண்ணி மாத்தினதோ? என்ன சொல்லுறாய்?"

முழுக் கதையையும் சொன்னேன். நீலம், துளி, பென்சில் கோடு, நூல். டொக்டர் வெறும் நீலப் போத்தலை எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, லேபலை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்து விட முந்தி வடிகட்டியில இருக்கிற கரியை எடுக்கச் சொல்லியிருக்கு. எடுத்தனியோ?"

"இல்லை டொக்டர்."

"நஞ்சு கிஞ்சு விழுங்கின பிள்ளையளுக்கு நாங்கள் என்ன குடுக்கிறனாங்கள்?"

நானாதான் மெதுவாகப் பதில் சொன்னார். "கரி, டொக்டர்."

"கரி. வயித்துக்குள்ள இருக்கிறதை எல்லாம் அது பிடிச்சு வைச்சிருக்கும். நீ ஒரு கிழமையாய் மீனுக்கு மருந்து குடுக்கேல்லை அன்ரன். கரிக்குக் குடுத்திருக்கிறாய். இண்டைக்குக் கரிக்கு வயிறு நிரம்பிட்டுது. அதுதான் மிச்சம் மீனுக்கு வந்திருக்கு."

முதலில் சிரித்தது நானா. அவர் சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, தொப்பி சரிய, சத்தமே வராமல் குலுங்கினார். பிறகு அலுமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய தகர டின்னை எடுத்தார். நஞ்சுக்குக் கொடுக்கிற கரி. இவ்வளவு நாளும் என் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் இருந்திருக்கிறது. நான் அம்மாவின் அம்மியைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அடுத்த ஒரு மணித்தியாலம் அந்தக் கிளினிக்கில் யாருக்கும் காய்ச்சல் இருக்கவில்லை. தாய்மார் கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். பிள்ளை குளிப்பாட்டும் பேசின் ஒன்றை நிரப்பினோம். மீன்களை அள்ள வலை இல்லை. நான் ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஐயா கோவையை வாங்கில் வைத்துவிட்டு, வெள்ளைச் சேட்டின் கைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"தள்ளு."

ஒன்றும் தெரியாத அந்த ஊதாத் தண்ணீருக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாக, உள்ளங்கையில் நோகாமல் எடுத்துப் பேசினுக்குள் விட்டார். பன்னிரண்டாவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"முப்பது வருசமா மீனைத் தண்ணியால எடுத்தனான். திருப்பித் தண்ணியில விடுறது இதுதான் முதல் தரம்" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்ததுபோல எனக்குப் பட்டது.

ஏழு மீன் பிழைத்தது. நாலு கறுப்பு மீனும் ஒரு சம்மனசும் போய்விட்டன. டின் கரியைத் துணியில் கட்டி வடிகட்டிப் பெட்டிக்குள் போட்டு, அதையும் இரண்டு தரம் மாற்றியதில், ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீர் தெளிந்தது. கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை மட்டும் ஊதாவாகவே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது.

கடிதத்தில் டொக்டர் அந்த வெள்ளிக்கிழமை உடனே கையெழுத்து வைக்கவில்லை. "உன்னை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு நான் சொல்ல ஏலாது. நசீரைக் கேள்" என்றார்.

ஐயா கோவையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் நானாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல வசனங்கள் யோசித்து வைத்திருந்தேன். அவருக்கு முன்னால் நின்றதும், "நானா..." என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டி, "இருக்கட்டும் டொக்டர்" என்றார். "வாசிக்கத் தெரியும் எண்டு நினைக்கிறவன்தான் ஆபத்து. இனி இவர் ஒவ்வொண்டையும் என்னட்டக் கேட்டுத்தான் செய்வார்."

டொக்டர் கையெழுத்து வைத்தார். ஐயா கடிதத்தை இரண்டாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்து, வீடு வரைக்கும் அந்தப் பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில், "அந்த நானாவை ஒரு நாளைக்குச் சாப்பிடக் கூப்பிடு" என்றார்.

அம்மாவுக்குச் செத்த மீனின் பெயர்தான் பெரிய விசயமாகப் போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரம் என்னைச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினார். களவு, பொய், ஒருவர்மேல் வீண்பழி என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்து, "ஒரு சம்மனசைக் கொன்றுபோட்டன் சுவாமி" என்று முடித்தேன். கம்பித் தட்டிக்கு உள்ளே கதிரை கிறீச்சிட்டது. "திருப்பிச் சொல்லும் மகன்" என்றார் சுவாமி.

திங்கட்கிழமை பாஸ் கந்தோரில் வரிசையில் நின்றோம். கைகள் இன்னும் ஊதா. எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மேசையில் இருந்த உத்தியோகத்தர் கடிதத்தை வாசித்தார், என் பத்து விரல்களையும் பார்த்தார். அந்த நாளில் தேர்தலில் வோட்டுப் போட்டால் ஒரு விரலில் ஊதா மை பூசுவார்கள்.

"எத்தனை தரம் வோட்டுப் போட்டனீர்?" என்றார்.

"இது மீனுக்கு விட்ட மருந்து சேர்."

அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா, "ஓம் சேர், உண்மைதான்" என்றார். அவருடைய கைகளும் ஊதாவாகத்தான் இருந்தன. உத்தியோகத்தர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.

நானா சாப்பிட வந்தார். அடிக்கடி வந்தார். சண்டை எல்லாம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு தண்ணீரூற்றுக்கே திரும்பிப் போய்விட்டார். நாங்களும் முல்லைத்தீவில்தான் இருக்கிறோம். என் கலியாணப் பேச்சு நடந்தபோது, பெண் வீட்டார் என்னைப் பற்றி விசாரிக்கப் போன இடம் நானா அங்கே திறந்திருந்த கடை. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தவள் என் கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

அவள் இப்போது ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்றாலும் மருந்துப் போத்தல் முதலில் அவளுடைய கைக்குத்தான் போகும். அவள் வீட்டில் இல்லாவிட்டால் தங்கச்சிக்குப் போன் போகும். தங்கச்சி எடுக்காவிட்டால் நானாவுக்குப் போகும். அவர் ஹலோ சொல்வதில்லை. "கரியை எடுத்திட்டீங்களா தம்பி?" என்பார்.

போன மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். மனைவி வேலைக்குப் போகும்போது மேசையில் மருந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலைக் கையில் எடுத்தேன். ஆறு வயது மகள் ஓடி வந்து அதைப் பறித்துக்கொண்டாள்.

"அப்பா வாசிக்கக்கூடாது. அம்மா சொன்னவா."

"அப்ப ஆர் வாசிக்கிறது?"

"நான்."

அவளுக்கு அப்போதுதான் அகரம் எழுத வந்திருந்தது. போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி ஊற்றித் தந்தாள். நான் வாயைத் திறந்தேன். அது என்ன மருந்து, எத்தனை கரண்டி குடிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காய்ச்சல் மாறிவிட்டது.